எர்த் குழியில் ஏன் சர்க்கரை போடுவதில்லை?

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள வயல்காட்டில் எந்த பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும் ஒரு சின்னக் குழி இருக்கும். எர்த் குழி. நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி அடுக்கடுக்காக அடுப்புக் கரியும் கல் உப்பும். மோட்டார் மாட்டிவிட்டுப் போகும்போது எலெக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்: “வெயில் காலத்துல அப்பப்ப ஒரு குடம் தண்ணி ஊத்துங்கண்ணே.”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அது ஏன் உப்பு? உப்பைப் போலவே சர்க்கரையும் வெள்ளைதான், மணல் மாதிரி குருணைதான், தண்ணீரில் போட்டதும் கரைந்துவிடுவதுதான். சர்க்கரையைக் கொட்டினால் என்ன? எறும்பு வரும் என்பது ஒரு பதில். ஆனால், எறும்பே இல்லாத ஊரிலும் சர்க்கரை அந்த வேலையைச் செய்யாது. இரண்டாவது கேள்வி, உப்புதான் போட்டாயிற்றே, பிறகு தண்ணீர் எதற்கு?

இரண்டுக்கும் பதில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வேதிப்பிணைப்பு’ என்ற பாடத்தில் இருக்கிறது. மதிப்பெண்ணுக்காகப் படித்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிற பாடம். அந்தப் பாடம் மோட்டார் கொட்டகையில் ஒருவர் உயிரைக் காப்பாற்றும், உரக்கடையில் பணத்தைக் காப்பாற்றும். ஆர்.ஓ. மிஷின் விற்க வருபவரிடமிருந்தும் காப்பாற்றும்.

கொடுத்தவரும் வாங்கியவரும்

உப்பு என்பது சோடியமும் குளோரினும். சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். அவை 2, 8, 1 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. கடைசியில் ஒற்றையாக நிற்கும் அந்த ஒன்றை விட்டுவிட்டால் அதற்கு நிம்மதி. குளோரினில் 17. அதாவது 2, 8, 7. கடைசி அடுக்கில் எட்டு நிரம்ப ஒன்று குறைகிறது. சோடியம் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது நேர் மின்னூட்டம் பெறுகிறது, வாங்கியது எதிர் மின்னூட்டம் பெறுகிறது. மின்னூட்டம் பெற்ற இந்த அணுக்களுக்குத்தான் அயனி என்று பெயர். நேரும் எதிரும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வது அயனிப் பிணைப்பு.

சர்க்கரையில் கதை வேறு. அதில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். மூன்றும் அலோகங்கள். யாருக்கும் கொடுக்க மனமில்லை. அதனால் இரண்டு அணுக்கள் சேர்ந்து ஒரு ஜோடி எலக்ட்ரானைக் கூட்டுப் பட்டா போட்டுப் பங்கிட்டுக்கொள்கின்றன. இது சகப்பிணைப்பு. இப்படிக் கைகோத்து நிற்கும் அணுக்களின் குடும்பம்தான் மூலக்கூறு. ஒரு சர்க்கரை மூலக்கூறில் 45 அணுக்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை. அளவான குடும்பம். இந்த இரண்டு விளக்கங்களும் ஒரே ஆண்டில், 1916-ல் வந்தன. எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவதைப் பற்றி ஜெர்மனியின் வால்தர் கோசலும், பங்கிடுவதைப் பற்றி அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸும் எழுதினார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். ‘ஒரு உப்பு மூலக்கூறு’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கல் உப்பில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். இந்த வரிசை கல்லின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை போகிறது. எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் இல்லை. புத்தகத்தில் ஒரு சோடியம், ஒரு குளோரின் என்று எழுதுவது வெறும் விகிதக் கணக்கு. தந்தையும் மகனுமான இரண்டு பிராக்குகள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராய்ந்தார்கள். உப்பின் இந்த அமைப்பை மகன் லாரன்ஸ் பிராக் 1913-ல் காட்டியபோது உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் 1927-ல்கூட ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிக் கோபப்பட்டார். சதுரங்கக் கட்டம் போல அணுக்களை அடுக்கி வைப்பதாவது என்பது அவருடைய எரிச்சல். ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது உடனே புரியவில்லை என்றால் திட்ட வேண்டாம்.

இனி எர்த் குழி. மின்சாரம் ஓட வேண்டுமானால் மின்னூட்டம் உள்ள ஏதாவது ஒன்று நகர வேண்டும். காய்ந்த உப்பில் அயனிகள் இருக்கின்றன, ஆனால் அடுக்கில் அசையாமல் நிற்கின்றன. தண்ணீர் ஊற்றினால் அடுக்கு கலைகிறது, அயனிகள் தனித்தனியாக நீந்தத் தொடங்குகின்றன. மோட்டார் பாடியில் கசியும் கரன்ட் அந்த வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். குழி காய்ந்து கிடந்தால் அந்த வழி சுருங்கிப்போகும். அப்போது மோட்டாரைத் தொடுகிற ஆளின் உடம்பு இன்னொரு வழி. சர்க்கரையும் தண்ணீரில் கரையும்தான். ஆனால் மூலக்கூறு உடையாமல், மின்னூட்டம் இல்லாமல், முழுதாக நீந்தும். அதை நம்பிக் கரன்ட் எங்கும் போகாது.

கரைந்த உப்பு தானாகவே அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது என்பதை 1884-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் சொன்னவர் ஸ்வீடனின் ஸ்வான்டே அரீனியஸ். உப்சாலா பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வேட்டுக்குக் கிடைத்தது சுமாரான தேர்ச்சி. 1903-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. (அவரையும் கடைசிவரை எதிர்த்தவர் நம்ம ஆம்ஸ்ட்ராங்தான்.)

“இதைத்தான்க்கா குடிக்கிறீங்க!”

வாசலில் ஆர்.ஓ. மிஷின் விற்க வருபவர் செய்து காட்டும் வித்தை பலருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு டம்ளர். ஒன்றில் வீட்டு போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் குச்சிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கில் சொருகுவார். சில நிமிடங்களில் போர்வெல் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, சாக்கடை மாதிரி நுரைத்துக்கொண்டு வரும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். “பாருங்கக்கா, இதைத்தான் குழந்தைக்குக் குடுக்கறீங்க!”

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல. குச்சியிலிருந்து வந்தது. போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், சோடியம் அயனிகள் இருப்பதால் கரன்ட் பாய்கிறது. கரன்ட் பாய்ந்தால் இரும்புக் குச்சி அரித்துக் கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் அயனிகள் மிகக் குறைவு. கரன்ட் பாயவில்லை, குச்சியும் கரையவில்லை. அவ்வளவுதான் வித்தை. அடுத்த முறை வந்தால், அவருடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். (வீட்டில் நீங்களாக இதைச் செய்து பார்க்க வேண்டாம். அது நேரடி மெயின் கரன்ட்.)

அவர் பையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் இதே குடும்பம்தான். கரைந்திருக்கும் மொத்தப் பொருளை அளப்பதாகப் பெயர். உண்மையில் அளப்பது தண்ணீரில் எவ்வளவு கரன்ட் பாய்கிறது என்பதை. நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து மீட்டரை விட்டால் எண் ஏறக்குறைய அசையாது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போட்டால் ஆயிரத்தை ஒட்டி எகிறும். அப்படியென்றால் மின்னூட்டம் இல்லாத பூச்சிமருந்து மூலக்கூறு கலந்திருந்தால்? காட்டாது. கிருமி இருந்தால்? அதுவும் காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் 2,000 வரை அனுமதி உண்டு. மீட்டரில் 400 என்று காட்டுவதால் தண்ணீர் விஷமாகிவிடாது. 30 என்று காட்டுவதால் அமுதமும் ஆகிவிடாது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் பேசும் கல்வெட்டுகள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது. தண்ணீருக்கென்றே தனி வாரியம் வைத்திருந்த ஊரில், இன்றைக்குத் தண்ணீரைப் பற்றிய தீர்ப்பை இரண்டு இரும்புக் குச்சிகள் சொல்லக் கூடாது.

பரீட்சையில் கேட்டால்…

‘இது மூலக்கூறா, அயனிச் சேர்மமா?’ என்று கேட்டால், பார்த்ததும் சொல்ல ஒரு சுருக்கு வழி உண்டு. உலோகமும் அலோகமும் சேர்ந்திருந்தால் அயனிச் சேர்மம். அலோகங்கள் மட்டும் இருந்தால் மூலக்கூறு. சாப்பாட்டு உப்பு, சுண்ணாம்பு, ஜிப்சம் எல்லாம் முதல் வகை. தண்ணீர், சர்க்கரை, சாராயம், சமையல் எரிவாயு இரண்டாம் வகை. பத்தில் எட்டு முறை இது சரியாக வரும்.

மீதி இரண்டு முறை காலை வாரிவிடும். செய்யாற்று மணலை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சகப்பிணைப்பில்தான் கோத்திருக்கின்றன. ஆனால் தனி மூலக்கூறு கிடையாது. கல் முழுக்க ஒரே வலை. உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக இருக்கும்வரை மூலக்கூறு, தண்ணீரில் கரைந்ததும் அயனி. ஆப்ப சோடாவில் சோடியத்துக்கும் மற்றதற்கும் நடுவே அயனிப் பிணைப்பு, அந்த ‘மற்றதற்கு’ உள்ளே சகப்பிணைப்பு. கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவர்கள் நிறைய.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றுக்காரர் அம்மோனியம். ஒரு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். உலோகம் மருந்துக்குக்கூட இல்லை. ஆனாலும் உலோகம்போலவே நேர் அயனியாக நடந்துகொள்ளும். உரக்கடையில் கிடைக்கும் அம்மோனியம் சல்பேட் முழுக்க அலோகங்களால் ஆனது, ஆனாலும் அயனிச் சேர்மம்.

இந்த அம்மோனியம்தான் வேதியியல் வரலாற்றையே ஒரு முறை திருப்பிப் போட்டது. 1828-ல் பெர்லினில் பிரெடெரிக் வோலர் என்ற இளம் ஆய்வாளர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்க முயன்றார். அவருக்குக் கிடைத்த வெள்ளைப் படிகம் உப்பு மாதிரியே நடந்துகொள்ளவில்லை. சோதித்துப் பார்த்தால், அது யூரியா. சிறுநீரில் இருக்கும் அதே யூரியா. அதுவரை உயிருள்ள உடம்புக்குள் மட்டுமே உண்டாகும் என்று நம்பப்பட்ட பொருள், சிறுநீரகமே இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் வந்து நின்றது.

இரண்டையும் எண்ணிப் பாருங்கள். அம்மோனியம் சயனேட்டில் ஒரு கார்பன், ஒரு ஆக்ஸிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். யூரியாவிலும் அதேதான், ஒன்றுகூடக் கூடக்குறைய இல்லை. ஒன்று அயனிச் சேர்மம், மற்றொன்று மூலக்கூறு. யார் யாருடன் கைகோத்தார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். என்னென்ன அணு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவுசெய்யும் சுருக்கு வழி இந்த இடத்தில் படுத்துவிடும்.

தோசைக்கல்லில் யூரியா

அந்த யூரியாதான் இன்று உத்திரமேரூர் பக்கத்து நெல் வயல்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் தவறாமல் விழுகிறது. 45 கிலோ மூட்டை 242 ரூபாய். வேப்பெண்ணெய் பூச்சுக்கும் வரிக்கும் கொஞ்சம் சேரும். பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பொட்டாஷ் மூட்டை பல மடங்கு விலை. பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்பின் ஒன்றுவிட்ட தம்பி, அசல் அயனிச் சேர்மம். செங்கல் நிறம் வருவது அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளால்.

மூட்டையில் இருப்பது யூரியாதானா, உப்பு கலந்ததா என்று சந்தேகம் வந்தால் வேளாண் துறையினர் சொல்லித்தரும் ஒரு எளிய சோதனை உண்டு. பழைய தோசைக்கல் ஒன்றை வெளியே அடுப்பில் வைத்துச் சூடாக்கி, கொஞ்சம் குருணையைப் போட வேண்டும். யூரியா 133 டிகிரியிலேயே உருகி, தீ கூடக் கூடப் புகைந்து போய்விடும். பூச்சின் லேசான கறை தவிர மிச்சம் இருக்காது. குருணையோ தூளோ கல்லில் உருகாமல் தங்கினால், வேறு ஏதோ கலந்திருக்கிறது. சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி வேண்டும், பொட்டாஷுக்கு 770. வீட்டு அடுப்பில் வைத்த தோசைக்கல்லுக்கு அந்தத் தெம்பு இல்லை. காரணம் பிணைப்புதான். உப்பை உருக்க வேண்டுமானால் கல் முழுக்க ஓடும் அயனிப் பிடியை உடைக்க வேண்டும். யூரியாவில் மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவே உள்ள மெல்லிய பிடியைத் தளர்த்தினால் போதும். (அம்மோனியா நெடி மூக்கில் ஏறும், தள்ளி நில்லுங்கள். அந்தக் கல்லில் அப்புறம் தோசை வேண்டாம்.)

யூரியாவின் பலமும் பலவீனமும் அது மூலக்கூறாக இருப்பதுதான். 100 கிலோவில் 46 கிலோ நைட்ரஜன். அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 21 கிலோதான். ஆனால் மண் அயனிகளை நடத்துகிற மாதிரி யூரியாவை நடத்துவதில்லை.

களிமண் துகளின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. பொட்டாசியம் அயனி நேர் மின்னூட்டம் கொண்டது. வயலில் விழுந்ததும் களிமண் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேருக்குத் தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும். சங்கத்தில் வைத்த டெபாசிட் மாதிரி. யூரியாவுக்கு மின்னூட்டமே இல்லை. களிமண் அதைக் கண்டுகொள்வதில்லை. போட்ட அன்று மாலை கனமழை பெய்து வரப்பு தாண்டி வழிந்தால், யூரியாவும் கூடவே அடுத்தவர் வயலுக்குப் போய்விடும்.

மழை இல்லாமல் தப்பினால், மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி சில நாட்களில் யூரியாவை உடைத்து அம்மோனியமாக மாற்றுகிறது. இப்போது அது நேர் அயனி. களிமண் கைநீட்டி வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த மாற்றம் மண்ணுக்குள் நடக்க வேண்டும். தேங்கி நிற்கும் தண்ணீரிலோ மேல்பரப்பிலோ நடந்தால், அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். யூரியா தெளித்த வயலோரம் மூக்கைக் கரிக்கிற அந்த வாசனை, 242 ரூபாயில் ஒரு பங்கு ஆவியாகிற வாசனை.

அதோடும் முடியவில்லை. மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். அதுவும் அயனிதான், ஆனால் எதிர் அயனி. எதிர் மின்னூட்டம் கொண்ட களிமண் அதை உள்ளே விடாது. தண்ணீரோடு கீழே இறங்கி, கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போய்ச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர்தான் வற்றும், அயனி அங்கேயே நிற்கும். இதெல்லாம் சேர்ந்துதான், நெல்லுக்குப் போடும் யூரியாவில் பெரும்பாலும் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. இலை வெளுத்திருக்கிறதே என்று இன்னொரு மூட்டை வாங்கிப் போடுகிறோம்.

மத்திய அரசு 2015-ல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச்சைக் கட்டாயமாக்கியதற்கு ஒரு காரணம் இந்த நைட்ரேட் மாற்றத்தைத் தாமதப்படுத்துவது. வயலில் செய்ய வேண்டியது அதைவிட எளிது. மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டாமல் பிரித்துப் போடுவது. தண்ணீரை வடித்துச் சேறாக்கிவிட்டுப் போடுவது. போட்டு ஓரிரு நாள் கழித்துத் தண்ணீர் கட்டுவது. யூரியா மண்ணுக்குள் இறங்கி அயனியாக மாற அவகாசம் கொடுப்பதுதான் இதன் பொருள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இன்னொரு முறையும் சொல்கிறது. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் தூவுவது. தொடக்க வேளாண்மை கூட்டுறவுக் கடன் சங்கத்து வரிசையில் நிற்கும் பலருக்கும் இந்த 5:4:1 மனப்பாடம்.

அதில் வரும் ஜிப்சத்தை வீட்டில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, மூலக்கூறா, அயனிச் சேர்மமா என்று கேட்டுப் பாருங்கள். கால்சியமும் சல்பேட்டும் அயனிகள். சல்பேட்டுக்குள் கந்தகமும் ஆக்ஸிஜனும் சகப்பிணைப்பில். கூடவே ஒவ்வொரு கால்சியத்துக்கும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள்ளேயே குடியிருக்கின்றன.